நடுநிலை வாரியத்தின் சாவிக் கம்பி

"வாஷ்பேசின் எங்கேம்மா மாட்டணும்?" என்று கேட்டான் நெட்டை.

"வாஷ்பேசினா? நான் கேட்டது கைப்பிடிப்பா. இதோ, இந்தப் படிக்கட்டுக்குக் கைப்பிடி."

"அது எங்களுக்குத் தெரியாது. சீட்டுல வாஷ்பேசின்னு போட்டிருக்கு. எங்ககிட்ட குடுத்த சாவி உங்க கதவைத் திறந்துச்சா, இல்லையா?"

"திறந்துச்சு."

"அப்போ மாட்டிட வேண்டியதுதான்."

கண்டக்டரம்மா மேற்கொண்டு வாயைத் திறப்பதற்குள் நெட்டையோடு வந்த குட்டை, சுவரில் துளை போட ஆரம்பித்துவிட்டான். அந்த வீட்டில் காலியாக இருந்த ஒரே சுவர் தெருக்கதவுக்குப் பக்கத்தில், படிக்கட்டின் அடியில் இருந்தது. வாஷ்பேசின் அங்கே வந்தது. முழங்கையில் இடித்துக்கொள்ளாமல் இனி யாரும் படியேற முடியாது. தண்ணீர் இணைப்பு பற்றிச் சீட்டில் ஒன்றும் இல்லாததால் தண்ணீர் வரவில்லை.

"இங்கே ஒரு கையெழுத்து போடுங்கம்மா. 'திருப்தி'ன்னு இருக்கு பாருங்க, அதுக்குக் கீழே."

"எனக்குத் திருப்தி இல்லையே."

"இல்லைன்னு போட இடம் விடலையேம்மா. நாங்க என்ன பண்றது?"

மாடியிலிருந்து டிரைவரின் குரல் வந்தது. "யாரது கீழே? என்ன சத்தம்?"

"வாரியத்துல இருந்து வந்திருக்காங்க. வாஷ்பேசின் மாட்டிட்டுப் போறாங்க."

"வாஷ்பேசின் யார் கேட்டா?"

"யாரும் கேக்கலை."

"கேட்டதையே குடுக்காதவன் கேக்காததை எதுக்குக் குடுக்கிறான்? இதுல என்னமோ இருக்கு."

டிரைவர் என்பவர் அவள் கணவர். இருவரும் ஒரே பஸ்ஸில் வெகுகாலம் ஓடியவர்கள். அவர் முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தார், அவள் பின்னால் டிக்கெட்டைக் கிழித்தாள். அவர் ஓய்வு பெற்ற பிறகு வேறொருவர் ஓட்டும் பஸ்ஸில் அவள் இன்னும் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். வாரியக் குடியிருப்பில் அவர்களுடைய வீடு சற்று விசித்திரமானது. கதவைத் திறந்தால் செங்குத்தாகப் படிக்கட்டு. ஏறினால்தான் வீடு. ஒருநாள் டிரைவர் இறங்கும்போது பழைய கைப்பிடி சுவரை விட்டுக் கழன்று அவர் கையோடு வந்தது. அவரும் அதை விடாமல் பிடித்தபடியே கடைசிப் படி வரை வந்து சேர்ந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பைச் சேர்த்துவைத்த டாக்டர், "தினமும் படி இறங்கி ஏறணும். மழைக்காலத்துக்குள்ளே நடக்க ஆரம்பிக்கலைன்னா கால் இறுகிடும். அப்புறம் நாற்காலிதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பிடித்துக்கொள்ள ஏதுமில்லாத படியில் டிரைவர் காலை வைக்க மறுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தபோதே விழுந்தவர்.

அடுத்த வாரமும் அவள் கைப்பிடி கேட்டாள். 'நாய் ஜாக்கிரதை' என்ற பலகை வந்தது.

"நாயே இல்லாத வீட்டுக்கு எதுக்கு நாய்ப் பலகை?" என்றார் டிரைவர். "என்னைத்தான் சொல்றானுங்க. மாடியில உட்கார்ந்து போறவன் வர்றவனைப் பார்த்துக் கத்துறேன்னு எவனோ புகார் குடுத்திருக்கான்."

அதற்கடுத்த வாரம் புகைபோக்கி வந்தது. அடுப்படியில் ஏற்கெனவே ஒன்று இருந்ததால், டிரைவரின் கட்டிலுக்கு நேர் மேலே கூரையைத் துளைத்து வைத்தார்கள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு," என்றார் டிரைவர், புகைபோக்கி வழியாகத் தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே. "வாராவாரம் உனக்குச் சாமான் அனுப்புறது யாரு?"

"ஏங்க, இந்த வயசுல எனக்கு எவன் புகைபோக்கி அனுப்பப் போறான்?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன்."

*

வாரியத்தின் முழுப்பெயர் நடுநிலைப் பராமரிப்பு வாரியம். ஒரு காலத்தில் வெறும் பராமரிப்பு வாரியமாகத்தான் இருந்தது. அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் தங்கள் மாமியார் வீட்டுக்கு முதலில் வெள்ளையடித்தார்கள் என்று ஒரு புகார் எழுந்தது. அன்றிலிருந்து நடுநிலை வந்தது. அலுவலகம் மாடியில். வெளிப்பக்கமாகச் சிமெண்டுப் படிகள், அவற்றின் அடியில் கம்பிக் கதவு. மேலே நீண்ட தாழ்வாரத்தில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றின் மேல் 'என்ன' என்றும் மற்றொன்றின் மேல் 'எங்கே' என்றும் எழுதியிருந்தது. முதல் ஜன்னலில் என்ன வேலை என்று மட்டும் சொல்ல வேண்டும். அங்கே இருக்கும் குமாஸ்தா அதை ஒரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து அடுக்குவார். அவரிடம் பெயரைச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார். இரண்டாவது ஜன்னலில் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். அங்கே இருக்கும் குமாஸ்தா அதை வாங்கி ஒரு நீளக் கம்பியில் கோத்துவிடுவார். அவரிடம் என்ன வேலை என்று சொன்னால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். சாவியில் எண் கிடையாது. எண் இருந்தால் யார் வீடு என்று தெரிந்துவிடும் அல்லவா? சாயங்காலம் மூன்றாவது அறையில் சீட்டுக் கட்டை அப்படியே நிமிர்த்தி, சாவிக் கம்பியோடு சேர்த்து ஆட்களிடம் கொடுத்துவிடுவார்கள். நெட்டையும் குட்டையும் மேல் சீட்டையும் முன் சாவியையும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், அந்தச் சாவி எந்தக் கதவைத் திறக்கிறதோ அந்த வீட்டில் அந்த வேலையைச் செய்வார்கள்.

தாழ்வாரத்துச் சுவரில் பெரிய எழுத்தில் பொறித்திருந்தது: 'என்ன என்று அறிந்தவர் எங்கே என்று அறியார். எங்கே என்று அறிந்தவர் என்ன என்று அறியார். இரண்டும் அறிந்தவர் இங்கு எவரும் இல்லை.'

நான்காவது வாரம் கண்டக்டரம்மா 'என்ன' ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "கைப்பிடி! கைப்பிடி! கைப்பிடின்னு எழுதுங்க. நல்லாப் பெரிசா எழுதுங்க!"

"ஒவ்வொரு வாரமும் அப்படித்தாம்மா எழுதுறேன்," என்றார் குமாஸ்தா. பொய் இல்லை. அப்படித்தான் எழுதினார். கத்தியதற்காக அந்த வாரம் மட்டும் சீட்டு இல்லை என்று திருப்பி அனுப்பினார்.

அவள் படியிறங்கி வந்தபோது, வரிசையின் கடைசியில், மாவு படிந்த சட்டையோடு நின்றிருந்த ரொட்டிக்காரர் அவளை நிறுத்தினார்.

"ஏன்க்கா, கைப்பிடி கைப்பிடின்னு கத்தினது நீங்களா?"

"ஆமா. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"கைப்பிடிதான் வந்துச்சு. எங்க வீட்டுல மூணு இருக்கு."

"உங்க வீடு மாடியா?"

"தரைதான். ஒரு படி கிடையாது. நடு ஹால்ல வரிசையா மூணு கைப்பிடி. என் வீட்டுக்காரி துணி காயப்போடுறா."

கண்டக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க என்ன கேட்டீங்க?"

"நான் வாஷ்பேசின் கேட்டேன். கை பூரா மாவா இருக்கா..."

"அப்புறம் நாய்ப் பலகை."

ரொட்டிக்காரர் ஒரு அடி பின்னால் போனார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்புறம் புகைபோக்கி."

"அக்கா, நீங்க வாரியத்து ஆளா?"

"எல்லாம் என் வீட்டுலதான்யா இருக்கு! உம்ம புகைபோக்கி என் புருஷன் தலைக்கு மேல இருக்கு!"

இருவரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். திருடு போன பொருள் இருக்குமிடம் தெரிந்துவிட்டது. திருடியவர்தான் இல்லை.

"நீங்க எப்பவும் கடைசியிலதான் வருவீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"ரொட்டியை அடுப்புல இருந்து இறக்கிட்டுத்தானே வர முடியும். எப்பவும் நான்தான் கடைசி. நீங்க?"

"எனக்கு மதிய ஷிப்ட். காலையில முதல் ஆளா வந்து நின்னுடுவேன்."

அவள் திரும்பி மேலே பார்த்தாள். 'எங்கே' ஜன்னலுக்குள் குமாஸ்தா கம்பியில் சாவிகளைக் கோத்துக்கொண்டிருந்தார். கம்பியின் ஒரு முனையை வளைத்து மூடியிருந்தார்கள். மறுமுனைதான் திறந்திருந்தது.

"ஒரே கதவு பஸ் மாதிரி இருக்கே," என்றாள். "முதல்ல ஏறினவன் உள்ளே போய் மாட்டிக்கிறான். கடைசியா ஏறினவன் வாசல்ல நிக்கிறான், அவன்தான் முதல்ல இறங்குவான். சாவி அப்படி இறங்குது. சீட்டு வந்த வரிசையிலேயே வருது."

"அப்போ முதல் ஆள் கேட்டது கடைசி ஆள் வீட்டுக்கு."

"ரெண்டாவது ஆள் கேட்டது கடைசிக்கு முந்தின ஆள் வீட்டுக்கு."

"நடுவுல நிக்கிறவங்க?"

இருவருக்கும் ஒரே நேரத்தில் நர்ஸம்மாவின் ஞாபகம் வந்தது. குடியிருப்பிலேயே கேட்டது கேட்டபடி அடிக்கடி கிடைப்பது நர்ஸம்மாவுக்கு மட்டும்தான். குழாய் கேட்டால் குழாய், தாழ்ப்பாள் கேட்டால் தாழ்ப்பாள். குமாஸ்தாவுக்கும் அவளுக்கும் ஏதோ இருக்கிறது என்று ஊரே பேசியது. குமாஸ்தாவின் மனைவி இரண்டு முறை வந்து நர்ஸம்மாவைத் திட்டிவிட்டும் போயிருந்தாள். உண்மையில் நர்ஸம்மா ராத்திரி டியூட்டி முடித்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வரிசை பாதி சேர்ந்திருக்கும். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

"உங்க கைப்பிடியில ஒண்ணைக் கழட்டிக் குடுத்திடுங்களேன்," என்றாள் கண்டக்டரம்மா.

"வாரிய முத்திரை அடிச்சிருக்கேக்கா. திருகாணியைத் தொட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. தபால்காரர் அலமாரியை இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவத்துக்கு மாத்தினதுக்கே அனுப்பிட்டாங்களே. வேற வழி இருக்கு. அடுத்த வாரம் நீங்க எனக்கு வாஷ்பேசின் கேளுங்க. நான் உங்களுக்குக் கைப்பிடி கேக்கிறேன்."

வீட்டில் இதைச் சொன்னபோது டிரைவர் கண்ணை இடுக்கினார்.

"ரொட்டிக்காரன் உனக்கு ஏன் கேக்கணும்?"

"நான் அவருக்குக் கேக்கிறேன்ல?"

"நீ கேட்டதுக்கு அப்புறம் அவன் வேற ஏதாவது கேட்டா?"

"கேட்டா அதுவும் நம்ம வீட்டுக்குத்தான் வரும். அவர் ஏன் நமக்கு வேற எதையாவது அனுப்பணும்?"

"அதான் தெரியலை. தெரியாததுதான் சந்தேகம்."

*

ரொட்டிக்காரர் ரகசியத்தை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் ரொட்டி வாங்க வந்தவர்களிடம் மட்டும்தான் சொன்னார். குடியிருப்பில் ரொட்டி வாங்காதவர் யாரும் இல்லை.

அடுத்த குறைகேட்பு நாளில் வாரியத்தின் படியடியில் பெருங்கூட்டம் நின்றது. ஆனால் வரிசை மட்டும் இல்லை.

"நீங்க முன்னாடி போங்க."

"ஐயோ, நீங்க பெரியவங்க. நீங்க போங்க."

"பெரியவன்னு சொல்லி முன்னால தள்ளிவிடப் பாக்கிறியா? நான் நடுவுல நின்னுக்கிறேன்."

"நடுவுல நான் நிக்கிறேன். என் மச்சினனை முன்னால விட்டிருக்கேன், கொழுந்தியாவைப் பின்னால விட்டிருக்கேன்."

"ரெண்டு பக்கமும் ஆள் போட்டு நடுவுல நிக்கிறியா? இது என்ன நியாயம்?"

கண்டக்டரம்மா ஒப்பந்தப்படி தைரியமாக முதல் இடத்தில் போய் நின்றாள். ரொட்டிக்காரர் தைரியமாகக் கடைசியில் நின்றார். நடுவில் கைகலப்பு. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். நர்ஸம்மா வழக்கம்போல வந்து வழக்கமான இடத்தில் நிற்கப் போக, நாலு பேர் சேர்ந்து அவளைப் பின்னால் தள்ளினார்கள். "இத்தனை நாள் அனுபவிச்சது போதும்!"

சத்தம் கேட்டு நடுநிலை அதிகாரி வெளியே வந்தார்.

"என்ன இது? யார் முதல்?"

"நான்தான் சார்," என்றாள் கண்டக்டரம்மா.

"மத்தவங்க ஏன் முன்னால வரமாட்டேங்கிறாங்க?"

"நடுவுல நின்னாத்தான் கேட்டது கிடைக்குது சார்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

அதிகாரியின் முகம் மாறியது. "கேட்டது கிடைக்குதா?" என்று மெதுவாகக் கேட்டார். "கேட்டவங்களுக்கேவா?"

அன்றைக்கு ஜன்னல்களை மூடிவிட்டார்கள்.

*

விசாரணைக்குக் கண்டக்டரம்மாவை அழைத்தார்கள். மேசைக்குப் பின்னால் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு குமாஸ்தாக்களும் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காதபடி தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் பின்வாங்கினப்போ நீங்க மட்டும் முதல்ல நின்னீங்க. காரணம்?"

"என் வீட்டுக்காரருக்குக் கைப்பிடி வேணும் சார். மழைக்குள்ளே அவர் நடக்கணும்."

"அதைக் கேக்கலை. முதல்ல நிக்கிற தைரியம் எங்கிருந்து வந்துச்சு?"

அவள் ஒளிக்காமல் சொன்னாள். கம்பியைச் சொன்னாள், சீட்டுக் கட்டைச் சொன்னாள், பஸ்ஸின் ஒற்றைக் கதவையும் சொன்னாள். "கம்பியோட மூடின முனையைத் திறந்து முதல் சாவி முதல்ல வர்ற மாதிரி பண்ணிட்டாப் போதும் சார். கேட்டவங்க வீட்டுக்கே கேட்டது போயிடும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, நீங்க சொல்றது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு உங்களுக்குப் புரியலை. கேட்டவருக்கே கேட்டது போகணும்னா, கேட்டவர் யாருன்னு ஏதோ ஒரு வகையில எங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சா அது சலுகை. சலுகை இல்லாத ஒரு இடத்துல கேட்டது கேட்டவங்களுக்குக் கிடைக்கவே கூடாது. கிடைச்சா யாரோ உள்ளே கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். இந்த நர்ஸம்மா விஷயத்தை நான் ரொம்ப நாளாக் கவனிச்சிட்டு வர்றேன். ஒரு மனுஷிக்குத் தொடர்ந்து நல்லது நடக்குதுன்னா அதை நாம சும்மா விட முடியாது."

"மத்தவங்களுக்கு நடந்ததைக் கவனிச்சீங்களா சார்?"

"அவங்க எல்லாரும் 'திருப்தி'ன்னு கையெழுத்து போட்டிருக்காங்களே. நீங்களும் மூணு தடவை போட்டிருக்கீங்க. திருப்தியா இருக்கிறவங்க மேல நாங்க ஏன் சந்தேகப்படணும்?"

விசாரணையின் முடிவில் ஒரு சீர்திருத்தம் வந்தது. கம்பியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு சுழலும் பீப்பாயை வைத்தார்கள். சாவிகளை அதில் போட்டுக் குலுக்க வேண்டும். அதிகாரி நாடாவை வெட்டிப் பீப்பாயைத் திறந்துவைத்துப் பேசினார். "நேற்று வரை இங்கே ஒழுங்கின்மை ஓர் ஒழுங்குக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. புத்திசாலிகள் சிலர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இன்று முதல் அந்த வாய்ப்பு எவருக்கும் இல்லை. யாருக்கு என்ன கிடைக்கும் என்று எங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, பீப்பாய்க்கும் தெரியாது. இதைவிடத் தூய்மையான நிர்வாகம் உலகில் இல்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டாதவர்களை ஒரு ஆள் குறித்துக்கொண்டிருந்தான்.

முதல் குலுக்கலில் நர்ஸம்மாவுக்கு நாய்ப் பலகை வந்தது. பரீட்சை மாமாவுக்குப் படிக்கட்டு வந்தது. அவர் காலமெல்லாம் பரீட்சை அறைகளில் மேற்பார்வையாளராக நின்றவர், தரைவீட்டுக்காரர். யாரோ பின்வாசலுக்குக் கேட்ட சிமெண்டுப் படிகளை அவருடைய ஹாலின் நடுவில் கட்டிவிட்டுப் போனார்கள். ஏறினால் கூரையில் தலை இடித்தது. கண்டக்டரம்மாவின் வீட்டுக்கு வந்த சீட்டில் 'ஓட்டையை அடைக்கவும்' என்றிருந்தது.

"இந்த வீட்டுல ஓட்டை எதும்மா?" என்று கேட்டான் நெட்டை.

"உங்க புகைபோக்கிதான் ஓட்டை. அதை அடைங்க."

"அது வாரிய முத்திரை போட்டது. வேற ஓட்டை?"

வேறு ஓட்டை டிரைவர் உட்காரும் ஜன்னல்தான். அதைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அவள் குறுக்கே நின்று பார்த்தாள், கத்திப் பார்த்தாள். சீட்டு சீட்டுதான்.

அதன்பின் டிரைவர் யாரையும் சந்தேகப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. விளக்கைக்கூடப் போடச் சொல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலை நீட்டச் சொன்னால் பாதிதான் நீட்டினார்.

"காலை அசைச்சுக் குடுங்க. டாக்டர் சொன்னாரில்ல."

"எங்கே போறதுக்கு?"

"வாரியத்துக்குப் போய் அந்தப் பீப்பாயை ஒரு உதை உதைக்கிறதுக்கு."

வெகுநேரம் கழித்து இருட்டுக்குள்ளிருந்து அவர் சொன்னார். "பீப்பாயை ஏன் உதைக்கணும்? உள்ளே போற சீட்டெல்லாம் ஒரே சீட்டா இருந்தா, அவன் எப்படிக் குலுக்கினாலும் என்னத்தைக் கிழிக்கப் போறான்?"

அவள் பாதி பிடித்துவிட்ட காலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

*

"எல்லாரும் கைப்பிடி கேக்கணுமா?" என்றார் ரொட்டிக்காரர். "எனக்கு நாலாவது கைப்பிடியா?"

"இந்த வாரம் எல்லாரும் கைப்பிடி. அடுத்த வாரம் எல்லாரும் வாஷ்பேசின். எந்தச் சாவி எந்தச் சீட்டோட சேர்ந்தாலும் எல்லாருக்கும் அதுதான். முறைவெச்சுக் கேட்டா எல்லாருக்கும் எல்லாம் வந்துடும்."

ஆட்கள் ரொட்டிக் கடையின் வாசலில் கூடியிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்போ முதல் வாரமே உன் பொருள் எதுக்கு?" என்றாள் கொழுந்தியாவைப் பின்னால் நிறுத்தியவரின் மனைவி. "எங்களுதை முதல்ல வெச்சுக்கலாமே. உன்னுது வந்ததும் நீ கழண்டுக்கிட்டா?"

பின்னால் நின்ற நர்ஸம்மா முன்னால் வந்தாள். குடியிருப்பே அவளைப் பேசிய பேச்சுக்கு அவள் அங்கே வந்திருக்கவே வேண்டியதில்லை.

"அவர் காலுக்குத் தேதி இருக்கு," என்றாள். "உங்க வாஷ்பேசினுக்குத் தேதி இல்லை."

ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். பரீட்சை மாமா மட்டும் கையைத் தூக்கினார்.

"என்னால முடியாதும்மா."

"ஏன் மாமா?"

"எல்லாரும் ஒரே பதிலை எழுதினா அதுக்குப் பேர் என்ன? காப்பி. வாழ்நாள் பூரா அதைப் பிடிச்சவன் நான். என் குறை என்னவோ அதைத்தான் நான் எழுதுவேன்."

"உங்க குறை என்ன மாமா?"

"என் ஹால்ல நிக்குதே அந்தப் படி. 'படிக்கட்டை இடிக்கவும்'னு எழுதப் போறேன்."

கண்டக்டரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்தாள். "மாமா, அந்தச் சீட்டு உங்க வீட்டுக்கு வராது. பீப்பாய்ல போய் யார் சாவியோட சேருமோ தெரியாது. என் வீட்டுச் சாவியோட சேர்ந்தா என் வீட்டுப் படியை இடிச்சிடுவாங்க. அவர் மாடியிலேயே கிடக்க வேண்டியதுதான்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்? நான் உண்மையைத்தானே எழுதுறேன்."

கெஞ்சினார்கள். மிரட்டினார்கள். ரொட்டிக்காரர் ஒரு வாரத்துக்கு ரொட்டி இல்லை என்றார். பரீட்சை மாமா இறங்கி வரவில்லை.

குறைகேட்பு நாளில் வரிசை அமைதியாக நின்றது. யாருக்கும் எந்த இடமும் வேண்டியதில்லை. உள்ளே 'என்ன' ஜன்னல் குமாஸ்தா எழுதி எழுதிக் கை ஓய்ந்து அதிகாரியிடம் போனார்.

"சார், வந்தவங்க எல்லாரும் கைப்பிடிதான் கேக்கிறாங்க."

"எல்லாருமா?"

"ஒருத்தரைத் தவிர சார்."

அதிகாரி யோசித்தார். "எல்லாரும் ஒரே பொருளைக் கேக்கிறாங்கன்னா அதுல என்னமோ விஷயம் இருக்கு. நமக்குத் தெரியாம வெளியே ஏதோ நடக்குது. ஆபீசுக்கும் ஒண்ணு போட்டு வை."

"நமக்கு எதுக்கு சார் கைப்பிடி?"

"எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கேட்டா அது சுயநலம் ஆயிடும்." இடுப்பிலிருந்த கம்பிக் கதவுச் சாவியைக் கழற்றி அவரே பீப்பாயில் போட்டார். "நல்லாக் குலுக்கு."

*

மறுநாள் காலையில் தெருமுனையில் தள்ளுவண்டி தெரிந்தது. வண்டியில் கைப்பிடிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவற்றின் மேல் ஒரு கடப்பாரை.

நெட்டை ஒரு சாவியை எடுத்து வீடு வீடாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். கண்டக்டரம்மாவின் கதவில் போட்டான். திறந்தது.

அவள் முதல் படியில் இரண்டு பக்கச் சுவரையும் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தக் கடப்பாரை எதுக்குப்பா?"

"அது ஒரு வீட்டுக்கும்மா. சீட்டைப் பாக்கணும்."

"என்னை இடிச்சிட்டுத்தான் படியை இடிக்கணும். பாத்துக்க."

நெட்டை சீட்டைப் பிரித்தான். வாயசைத்துப் படித்தான். குட்டையைப் பார்த்தான். "கைப்பிடி," என்றான்.

அவள் கையை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை படி."

"கைப்பிடிதாம்மா. நேத்து ராத்திரியில இருந்து இந்த ஊருக்கே என்னவோ ஆயிடுச்சு."

மாட்டி முடித்ததும் அவள் அதை இழுத்துப் பார்த்தாள், தொங்கிப் பார்த்தாள். பிறகு படியின் அடியில் நின்று, பஸ்ஸில் கூப்பிடும் குரலில் கூப்பிட்டாள்.

"இறங்குறவங்க இறங்கலாம்!"

டிரைவர் மேல்படியில் தெரிந்தார். கைப்பிடியைப் பிடிப்பதற்கு முன் நகத்தால் சுரண்டினார், திருகாணிகளை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"இது நல்ல கைப்பிடிதானா? எனக்கென்னவோ..."

"சந்தேகப்படுறதைக் கீழே வந்து படுங்க."

ஒரு கால் வைத்தார். நின்றார். இன்னொரு கால். பாதியில் முகம் வெளுத்துச் சற்று நேரம் சுவரில் சாய்ந்துகொண்டார். அவள் மேலே ஏறிப் போய்ப் பிடிக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கடைசிப் படியில் முழங்கை வாஷ்பேசினில் இடித்தது. ரொட்டிக்காரரைத் திட்டிக்கொண்டே தெருவுக்கு வந்தார்.

தெருவில் யாரும் தங்கள் வீட்டுக்குள் இல்லை. கைப்பிடி மாட்டிய வீட்டுக்காரர்கள் நிம்மதியாகவும், மாட்டாத வீட்டுக்காரர்கள் கடப்பாரையைப் பார்த்தபடியும் வண்டியின் பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள். வீடுகள் குறையக் குறையப் பேச்சும் குறைந்தது. ரொட்டிக்காரருக்கு நாலாவது கைப்பிடி. நர்ஸம்மாவுக்கு ஒன்று. கடைசி வீடு பரீட்சை மாமாவுடையது. அவருக்கும் கைப்பிடி. ஹாலின் நடுவில், கூரைக்கு ஏறும் படிகளில் அதை மாட்டினார்கள்.

"இப்போதான் பாக்க லட்சணமா இருக்கு," என்றான் குட்டை. பரீட்சை மாமா 'திருப்தி'க்குக் கீழே கையெழுத்து போட்டார்.

வண்டியில் ஒரு சீட்டும் ஒரு சாவியும் ஒரு கடப்பாரையும் மிச்சம். குடியிருப்பில் மிச்சம் வீடு இல்லை.

"இது யார் சாவி?" என்றான் நெட்டை. எல்லாக் கதவிலும் மறுபடி போட்டுப் பார்த்தான். எதுவும் திறக்கவில்லை. வண்டி தெருவைத் தாண்டியது, ரொட்டிக் கடையைத் தாண்டியது, வாரியத்தின் முன்னால் போய் நின்றது. கம்பிக் கதவில் சாவியைப் போட்டான். திறந்தது.

மாடியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நடுநிலையில் யாரும் குறுக்கிடாதபடி கதவைச் சாத்தியிருந்தார்கள். வெளியே முதல் இடி விழுந்தபோது அதிகாரி பேச்சை நிறுத்திப் புன்னகை செய்தார். "கைப்பிடி போடுறாங்க," என்றார். "பலமாப் போடட்டும்."

சாப்பாட்டு வேளைக்குக் கதவைத் திறந்த அதிகாரி அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். படி இருந்த இடத்தில் வெயில் அடித்தது.

"யாருய்யா இது? யார் சொல்லி இடிச்சீங்க?"

"சீட்டுல இருந்துச்சு சார்," என்றான் நெட்டை கீழேயிருந்து. ஒரு நீளக் கழியின் நுனியில் தாளைச் செருகி மேலே நீட்டினான். "'திருப்தி'ன்னு இருக்கு பாருங்க, அதுக்குக் கீழே ஒரு கையெழுத்து."

"எனக்குத் திருப்தி இல்லைய்யா!"

"இல்லைன்னு போட இடம் விடலையே சார்."

அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில், மனைவியின் தோளைப் பிடித்தபடி நின்ற டிரைவர்மேல் கண் போனது. "ஐயா, நீங்கதான் முன்னால நிக்கிறீங்க. 'படிக்கட்டு வேணும்'னு யாரையாவது விட்டு ஒரு சீட்டு எழுதிப் போடச் சொல்லுங்க. எங்கிட்ட இன்னொரு சாவி இருக்கு, வேணும்னா தூக்கிப் போடுறேன்."

டிரைவர் கண்ணை இடுக்கி மேலே பார்த்தார். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய சந்தேகம் திரும்பியிருந்தது.

"எழுதிப் போடலாம் சார். அது யார் வீட்டுக்குப் போகும்னுதான் யோசிக்கிறேன்."

வானம் மூட்டம் போட ஆரம்பித்திருந்தது. நடக்க வேண்டிய தூரம் இன்னும் இருந்தது. கண்டக்டரம்மா அவர் கையைத் தோளில் சரியாக எடுத்து வைத்துக்கொண்டு, மாடியைப் பார்த்துக் கேட்டாள்.

"இறங்குறவங்க யாராவது இருக்கீங்களா?"

மேலே அதிகாரி கதவை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ரைட்," என்றாள்.